மழையிலும் நெட் போகிறது, வெயில் காலையிலும் போகிறது: 5.8 ஜிகாஹெர்ட்ஸ் லிங்க், கடலூர்

நொச்சிக்காடு கேட்டது:

வணக்கம். தியாகவல்லிப் பக்கம் சின்னதாக ஓர் இ-சேவை மையம் நடத்துகிறேன். உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற ஊர்கள் எங்களுடையவை. இந்தப் பக்கமும் உப்புத் தண்ணீர், அந்தப் பக்கமும் உப்புத் தண்ணீர். எங்கள் தெருவுக்கு பைபர் இன்னும் வரவில்லை. கேட்டால் அடுத்த வருஷம் என்கிறார்கள். போன வருஷமும் அதையேதான் சொன்னார்கள். அதனால் கேப்பர் மலைப் பக்கத்து டவர் ஒன்றிலிருந்து வயர்லெஸ் லிங்க் எடுத்திருக்கிறோம். 5.8 ஜிகாஹெர்ட்ஸ். மாடியில் இரும்பு பைப் நட்டு அதன் உச்சியில் ஒரு டிஷ். டவர் நேர்க்கோட்டில் சுமார் ஒன்பது கிலோமீட்டர் என்று மாட்ட வந்த பையன் சொன்னான்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து தொல்லை. மழை வந்தால் நெட் போகிறது. சில நாள் மழை விட்டதும் வந்துவிடும். சில நாள் மறுநாள் வெயில் ஏறினால்தான் வரும். கொட்டோ கொட்டென்று கொட்டும்போது ஓடிக்கொண்டிருந்த லிங்க், ராத்திரி சும்மா தூறியதற்குப் படுத்துவிடுகிறது. இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

இன்னொன்று. போன மாசி, பங்குனியில் ஒரு சொட்டு மழை இல்லை. அப்போதும் விடிகாலையில் நெட் தள்ளாடும், ஒன்பது மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். கம்பெனியில் கேட்டால் மழைக்காலத்தில் "மழை", மற்ற நாளில் "பனி". இப்போது 60 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ போட்டுத் தருகிறோம், ஒரு ஜிகாபிட் வேகம் வரும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். காசு கொஞ்சம் அதிகம். மாற்றலாமா?

நவம்பரில் பயிர்க் காப்பீட்டுக்குக் கூட்டம் வரும். அந்த நேரத்தில் திரை வட்டமடித்துக்கொண்டு நின்றால் என்னைத்தான் திட்டுவார்கள். நான் பி.காம்., அதனால் கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள்.

---

சில்வர்பீச்:

அக்கா, வயர்லெஸ் என்றாலே மழைக்குப் போகத்தான் செய்யும். டிடிஎச் போகிறதில்லையா, அதே கதைதான். ஒரு 5ஜி சிம் வாங்கி ரவுட்டரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் ஆராய்ச்சி வேண்டாம்.

---

மாடியேறி:

சிம் ஒன்று கையில் இருப்பது நல்லதுதான் தம்பி, அதை மறுக்கவில்லை. ஆனால் டிடிஎச் கதை இங்கே ஒட்டாது.

நான் புதுச்சேரி, கடலூர் இரண்டு பக்கமும் டவர் ஏறி டிஷ் கட்டிய ஆள். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அரியாங்குப்பத்தில் கடை போட்டு உட்கார்ந்துவிட்டேன். இன்னும் பையன்கள் போன் பண்ணி "அண்ணே, மழை, லிங்க் போச்சு" என்பார்கள். மழை எவ்வளவு என்று நான் கேட்க மாட்டேன். எப்படிப் போச்சு, எப்படித் திரும்பி வந்துச்சு என்றுதான் கேட்பேன். தங்கச்சி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கொட்டும்போது ஓடுகிறது, தூறலுக்குப் போகிறது என்றால் ஆகாயத்தில் இருக்கிற மழை உங்கள் எதிரி இல்லை.

முதலில் அலைவரிசைக் கணக்கு. 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் ஐந்து சென்டிமீட்டர். மழைத்துளி எவ்வளவு பெரிதானாலும் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் தாங்காது, உடைந்துவிடும். அந்த அலைக்கு அந்தத் துளி ஒரு பொருட்டே இல்லை. அலையைச் சுருக்கிக்கொண்டே போனால்தான் துளி உறைக்க ஆரம்பிக்கும். டிடிஎச் 11, 12 ஜிகாஹெர்ட்ஸில் வருகிறது, அலை இரண்டரை சென்டிமீட்டர். 60 ஜிகாஹெர்ட்ஸில் அலையே ஐந்து மில்லிமீட்டர். துளியும் அலையும் ஒரே அளவு. ஒவ்வொரு துளியும் கொஞ்சம் விழுங்கும், கொஞ்சம் நாலாபக்கமும் சிதறடிக்கும்.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவு. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டுகிற மழை என்று வைத்துக்கொள்ளுங்கள்; எதிர்வீடு மங்கலாகத் தெரிகிற மழை அது. 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு அதில் இழப்பு என்று கணக்கில் எடுக்கவே ஒன்றும் இல்லை. 5.8க்குக் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபலுக்குள். 11 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஐந்துக்குப் பக்கம். 24க்குப் பதினைந்து. 60க்கு முப்பதுக்குப் பக்கம். சிக்னல் எவ்வளவு குறைந்தது என்று சொல்கிற அலகுதான் டெசிபல். பார்க்கக் கூட்டல் கணக்கு மாதிரி தெரியும், ஆனால் உள்ளே பெருக்கல்: 3 குறைந்தால் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒன்று. அப்படியானால் ஒன்பது கிலோமீட்டர் முழுக்க ஒரே நேரத்தில் கொட்டினாலும் உங்கள் லிங்குக்கு எட்டொன்பது டெசிபல்தான் இழப்பு. முழுக்கக் கொட்டவும் கொட்டாது. அவ்வளவு கனத்த மழை சில கிலோமீட்டர் அகலத்துக்குத்தான் இருக்கும். கேப்பர் மலையில் கொட்டும்போது உங்கள் ஊரில் காற்று மட்டும் அடிக்கும். ஒழுங்காகக் கட்டிய லிங்கில் பதினைந்து, இருபது டெசிபல் கையிருப்பு வைத்திருப்பார்கள். ஆகவே மழை மட்டுமே உங்கள் நெட்டை அறுக்க முடியாது. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்.

இங்கே இன்னொரு குழப்பமும் நடக்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பயங்கரமான மழைதான், ஊரே மிதந்தது. ஆனால் 24 மணி நேரத்துக்கு வகுத்துப் பாருங்கள்: சராசரியாக மணிக்கு இருபது மில்லிமீட்டர். அந்தச் சராசரி 5.8க்கு வலிக்கவே வலிக்காது. ரேடியோவுக்கு நாள் கணக்கு தெரியாது, அந்த ஐந்து நிமிஷத்தில் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதுதான் தெரியும். சித்திரையில் அரை மணி நேரம் இடியோடு அடிக்கிற கோடை மழை, 24 ஜிகாஹெர்ட்ஸ் லிங்கைப் புயலைவிட மோசமாகப் படுக்க வைக்கும். புயலன்று லிங்க் போவதற்கு வேறு காரணங்கள்: கரண்ட், டவர் பேட்டரி, காற்றில் திரும்பிக்கொண்ட டிஷ். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் ஒரு பைப்பும் நேராக நிற்கவில்லை. அப்போது கட்டின கைகளுக்குத் தெரியும்.

சரி, மழையோடு நெட் போகிறதே, அது ஏன்? நான் பார்த்த வரையில் இங்கே பெரும்பாலும் தண்ணீர் உள்ளே போவதுதான். ஆகாயத்துத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, கனெக்டருக்குள் போன ஒரு சொட்டு போதும். மழை நின்றதும் கனெக்டர் காயாது. மறுநாள் வெயிலில் டிஷ்ஷே சூடாகி உள்ளே இருக்கிற ஈரம் ஆவியானால்தான் உயிர் வரும். நீங்கள் சொன்ன "வெயில் ஏறினால் வரும்" என்பது அச்சாக இதுதான். தூறலுக்குப் போவதும் இதனால்தான்: அடிக்கிற மழை மேலோடு வழிந்து ஓடிவிடும், ராத்திரித் தூறலும் பனியும் மெதுவாக நின்று நிதானமாக உள்ளே ஊறும். கடலோரத்தில் இன்னும் மோசம். உப்புக் காற்று கனெக்டர் மேல் ஒரு படலம் பூசி வைத்திருக்கும், அதில் ஈரம் பட்டால் மின்சாரம் கடத்தும். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துவிடும்.

மாட்டுகிற பையன்கள் செய்கிற ஒரு காரியம் எனக்கு ஆகவே ஆகாது. கனெக்டர் மேல் பாத்ரூம் சிலிக்கானைப் பிழிந்து மூடிவிடுவார்கள். வினிகர் வாடை வரும் பாருங்கள், அந்த சிலிக்கான். காயும்போது அது விடுகிற அமிலமே செம்பை அரிக்கும். தண்ணீர் வராமல் தடுக்கப் போட்டது, தண்ணீர் செய்கிற வேலையைத் தானே செய்யும். இழுத்துச் சுற்றினால் தானாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப் இருக்கிறது, அதைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிய வேண்டும். அதற்கு மேல் சாதாரண கருப்பு டேப். அவ்வளவுதான்.

லேன் கேபிளையும் பாருங்கள். வீட்டுக்குள் போடுகிற சாம்பல் நிறக் கேபிளை மாடியில் போட்டிருந்தால் நம் வெயிலில் தோல் வெடித்துவிடும். வெடிப்பு வழியாகப் போன தண்ணீர் கேபிளுக்குள்ளேயே இறங்கிக் கீழே இருக்கிற பவர் அடாப்டர் வரைக்கும் வரும். அடாப்டரைக் கழற்றினால் தண்ணீர் சொட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ரேடியோவுக்குள் நுழையும் முன் கேபிளைத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கவிட வேண்டும், தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

அடுத்தது சவுக்கு. உங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் சவுக்குத் தோப்பு. லிங்க் போடும்போது கன்றாக இருந்திருக்கும். மூன்று நாலு வருஷத்தில் வெட்டுகிற உயரம் வந்துவிடும். டவர் கண்ணுக்குத் தெரிகிறது என்பது மட்டும் போதாது. அலை ஒரு கயிறு மாதிரி போகாது, நடுவில் பருத்துப் போகும். ஒன்பது கிலோமீட்டருக்கு 5.8இல் நடுப்பகுதியில் அந்தப் பருமனின் ஆரம் கிட்டத்தட்ட பதினொரு மீட்டர். உங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏழு மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். காய்ந்த தோப்பு உச்சியைத் தொட்டுக்கொண்டு போகிற லிங்க் எப்படியோ ஓடும். மழையில் நனைந்த தோப்பு அப்படி விடாது, காற்றும் சேர்ந்தால் சிக்னல் ஊஞ்சல் ஆடும். மழை நின்றும் இலை காய்கிற வரைக்கும் இந்தத் தொல்லை இருக்கும்.

எது என்று பிரிக்க ஒரு வழி. உண்மையிலேயே சிக்னல் குறைந்தால் நெட் திடீரென்று அறுபடாது. சிக்னல் நன்றாக இருக்கும்போது ரேடியோ ஒரு தடவைக்கு எட்டு பிட் அடைத்து அனுப்பும். மோசமாக ஆக ஆக ஆறு, நாலு, இரண்டு என்று இறங்கும். வேகம் படிப்படியாகக் குறையும், கடைசியில்தான் போகும். ஓடிக்கொண்டே இருந்து படக்கென்று போனால் கரண்ட் அல்லது கேபிள். டவரில் கரண்ட் போய் பேட்டரியும் இறங்கினால் உங்கள் ஊரில் அந்தக் கம்பெனி லிங்க் வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகும். பக்கத்தில் யாராவது வைத்திருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள். மழை நாளில் பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும்.

ரேடியோவின் பக்கத்தை பிரவுசரில் திறந்தால் சிக்னல் எண் தெரியும், மைனஸ் அறுபது சொச்சம் என்று. மைனஸுக்குப் பின்னால் வருகிற எண் பெரிதானால் சிக்னல் குறைவு என்று அர்த்தம். இரண்டு எண் தனித்தனியாகக் காட்டும். வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை, மழை நின்ற பிறகு ஒரு தடவை குறித்துப் போடுங்கள். பங்குனிக் காலை விஷயம் வேறு சமாச்சாரம், அதை இங்கே வாத்தியார் யாராவது நன்றாகச் சொல்வார்.

---

பாகூர்_ஏரி:

வாத்தியார் என்று கூப்பிட்டதால் வந்தேன். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், அமெச்சூர் ரேடியோ உரிமமும் உண்டு.

சகோதரி, "பனி" என்று கம்பெனி சொன்னது பாதி சரி, காரணம்தான் வேறு. பனித்துளியும் மூடுபனியும் மிக நுண்ணிய துளிகள், 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அவற்றைக் கண்டுகொள்ளாது. லேசர் லிங்காக இருந்தால் பனி உண்மையில் எதிரி. ஆனால் பனி இறங்குகிற அதே ராத்திரிகளில் இன்னொன்று நடக்கிறது. வானம் தெளிவு, காற்று அசையவில்லை. தரை வெப்பத்தை விட்டுக் குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. கீழே குளிர்ந்த ஈரக் காற்று, அதற்கு மேலே கொஞ்சம் சூடான, உலர்ந்த காற்று. இப்படி அடுக்கடுக்காக நின்றுவிடும்.

ரேடியோ அலை காற்றில் நேர்க்கோட்டில் போவதில்லை, லேசாகக் கீழ்நோக்கி வளையும். மேலே போகப் போகக் காற்றின் ஒளிவிலகல் திறன் குறைவதுதான் காரணம். பொறியாளர்கள் இதற்கு ஓர் அலகு வைத்திருக்கிறார்கள்: சாதாரண நாளில் கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 40 குறையும். அது 157ஐத் தாண்டினால் அலை பூமியின் வளைவைவிட அதிகமாக வளைந்து, அந்த அடுக்குக்குள்ளேயே மாட்டிக்கொண்டு குழாயில் போவதுபோல் நெடுந்தூரம் போகும். அதற்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், ஒரே சிக்னல் இரண்டு மூன்று வழியாக வந்து சேரும். ஒன்றோடொன்று கூடினால் சரி, எதிரும் புதிருமாக வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். உங்கள் பாதையில் உப்பனாறு வேறு இருக்கிறது. அசையாத நீர்ப்பரப்பு தாழ்ந்த கோணத்தில் வருகிற அலையைக் கிட்டத்தட்ட முழுசாகத் திருப்பி அனுப்பும். ஓதம் ஏறி இறங்கும்போது நீர்மட்டம் மாறும், எதிரொலித்து வருகிற பாதையின் நீளமும் மாறும். இந்தக் கடற்கரையில் ஓதம் பெரிதில்லை, ஆனால் அலைநீளம் ஐந்து சென்டிமீட்டர்தானே, சிறிய மாற்றமும் அதற்குப் பெரிது. வெயில் ஏறியதும் தரை சூடாகிக் காற்று கலங்கும், அடுக்கு குலையும், ஒன்பது மணிக்கு உங்கள் நெட் சரியாகும்.

இந்தக் கரையோரத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எண்பதுகளில் மாடியில் உயரமாக ஆன்டெனா நட்டு இலங்கையின் ரூபவாஹினி பார்த்தவர்கள் நிறைய பேர். தினமும் தெரியாது, சில ராத்திரி பளிச்சென்று தெரியும், சில ராத்திரி வெறும் புள்ளி. கடல் மேல் கிடக்கிற அந்தக் காற்றடுக்குதான் அதையும் கொண்டுவந்தது. இப்போதும் கோடையில் இலங்கை எஃப்எம் நிலையங்கள் இங்கே காதில் விழும். அன்றைக்கு விருந்தாளியாக வந்தது இன்றைக்கு உங்களுக்கு இடைஞ்சல்.

இடைஞ்சல் என்றதும் இன்னொன்று. சித்திரை, வைகாசியில் மேற்கிலிருந்து வருகிற காய்ந்த காற்றுக்கு அடியில் கடற்காற்று ஈரத்தோடு நுழையும். அப்போது பிற்பகலிலும் மாலையிலும் இதே வேலை நடக்கும். சிக்னல் எண் அப்படியே இருக்கும், நெட் மட்டும் ஓடாது. எங்கோ ஐம்பது நூறு கிலோமீட்டர் தள்ளி அதே சேனலில் பேசுகிற டவர்களின் சத்தம் இங்கே வந்து விழுவதால் வருவது அது. சிக்னல் குறைந்ததா, இரைச்சல் கூடியதா என்று சிக்னல் எண், இரைச்சல் எண் இரண்டையும் பாருங்கள். முன்னதற்கு டிஷ்ஷின் உயரத்தை ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பார்க்கலாம். உயர்த்துவதுதான் எப்போதும் நல்லது என்று இல்லை, ஆற்றில் பட்டு வருகிற அலையைத் தோப்போ கட்டிடமோ மறைக்கிற உயரமே நல்ல உயரம். பின்னதற்கு சேனலை மாற்றச் சொல்ல வேண்டும்.

மாடியேறி அண்ணன் சொன்ன துளிக்கணக்குக்கு ஊரறிந்த சாட்சி வானிலை ராடார்தான். சென்னைத் துறைமுகப் பக்கத்து ராடார் எஸ் பேண்ட், அலை பத்து சென்டிமீட்டர். நடுவில் எவ்வளவு மழை இருந்தாலும் ஊடுருவித் தூரத்துப் புயலைக் காட்டும். பள்ளிக்கரணையில் இருப்பது எக்ஸ் பேண்ட், அலை மூன்று சென்டிமீட்டர். பக்கத்து மழையை நுணுக்கமாகக் காட்டும், ஆனால் பலத்த மழைக்குப் பின்னால் இருப்பது அதற்கு மங்கிவிடும்.

---

நொச்சிக்காடு:

அண்ணா, சார், இரண்டு பேருக்கும் நன்றி. ரூபவாஹினி பற்றி அப்பாவிடம் கேட்டேன், அரை மணி நேரம் கிரிக்கெட் கதை சொன்னார்.

பக்கத்து வீட்டுத் தம்பி ரேடியோவின் பக்கத்தைத் திறந்து கொடுத்தான். குறித்தது இது. வெயிலில்: மைனஸ் 63, மைனஸ் 64. நேற்று சாயங்காலம் நல்ல மழையில்: 67, 67. வேகம் குறைந்தது, ஆனால் நெட் இருந்தது. மழை ஏழு மணிக்கு விட்டது. ஒன்பது மணிக்குத் தூறல் மாதிரி இருந்தது, அப்போது நெட் தத்தளித்தது. அந்த நேரத்து எண்: 64, 80. முதல் எண் நன்றாகத்தானே இருக்கிறது? ஒன்று மட்டும் ஏன் இப்படி? இன்று காலை பத்து மணிக்கு மறுபடி 63, 65. பக்கத்துத் தெரு மளிகைக் கடையிலும் இதே கம்பெனி லிங்க்தான், அவருக்கு நேற்று போகவில்லை. கேபிள் கருப்பு நிறம்தான், வெடிப்பு எதுவும் தெரியவில்லை.

60 ஜிகாஹெர்ட்ஸுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அதையும் சொல்லிவிடுங்கள்.

---

மாடியேறி:

தங்கச்சி, இதைவிடத் தெளிவாக எந்த டெக்னீஷியனும் குறித்துத் தர மாட்டான்.

பலத்த மழையில் இரண்டு எண்ணும் சேர்ந்து மூன்று நாலு இறங்கின. அதுதான் ஆகாயத்து மழை எடுத்தது, அவ்வளவேதான் எடுக்கும். டவரில் கரண்ட் போனது காரணம் இல்லை, மளிகைக் கடைக்கு ஓடியிருக்கிறது. தோப்பு நனைந்ததும் முக்கியக் காரணம் இல்லை. அப்படியானால் இரண்டும் இறங்கியிருக்கும்.

அந்த இரண்டு எண் என்னவென்றால், உங்கள் டிஷ் ஒரே நேரத்தில் இரண்டு விதமாக அலை அனுப்புகிறது, ஒன்று படுக்கையாக அசைவது, இன்னொன்று நெட்டுக்குத்தாக. பெரிய துளிகள் விழும்போது தட்டையாகிவிடுவதால் பலத்த மழையில் படுக்கை அலை கொஞ்சம் அதிகம் அடிபடும். 5.8இல் அந்த வித்தியாசம் ஒன்று இரண்டு டெசிபல்தான். உங்களுக்குப் பதினாறு. தூறலில் பதினாறு டெசிபலை ஒரு பக்கத்தில் மட்டும் தின்கிற மழை உலகத்தில் இல்லை. டிஷ்ஷின் பின்னால் ரேடியோ பெட்டியிலிருந்து கொம்புக்கு, அதாவது டிஷ்ஷுக்கு அலையை விடுகிற முனைக்கு, இரண்டு குட்டை வயர் போகும், விரல் மொத்தம்கூட இருக்காது. அதில் இரண்டாவது எண்ணுக்கு உரிய வயரின் ஏதோ ஒரு முனையில் தண்ணீர் புகுந்திருக்கிறது. காலையில் காய்ந்தும் 64க்கு வராமல் 65இல் நிற்பதைப் பார்த்தால் உள்ளே அரிப்பும் தொடங்கியிருக்கலாம்.

60 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பைசா கட்டாதீர்கள். அந்த அலைவரிசைக்கு மழையே வேண்டாம், வெறும் காற்றில் இருக்கிற ஆக்சிஜனே கிலோமீட்டருக்குப் பதினைந்து டெசிபல் விழுங்கும். ஒன்பது கிலோமீட்டருக்கு 135 டெசிபல். பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளிலேயே சிக்னல் உங்கள் வீடு வந்து சேராது. இதைத் தெரியாமல் சொல்கிறார்களா, வேறு ஏதாவது நடுவில் டவர் போடப் போகிறார்களா என்று கேளுங்கள். ஒரு கிலோமீட்டருக்குள், தெருவுக்குத் தெரு, கூடவே 5 ஜிகாஹெர்ட்ஸ் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு போட்டால் அது அருமையான சாமான். தூரத்துக் கம்பெனியின் சத்தமும் வராது, அந்த ஆக்சிஜனே வேலி மாதிரி நின்றுவிடும். ஆனால் டிஷ் கொஞ்சம் திரும்பினாலும் போச்சு, முகத்தில் தண்ணீர்ப் படலம் படிந்தாலே சில டெசிபல் போகும், நம் ஊர் காற்றுக்கு பைப் கெட்டியாக இருக்க வேண்டும். லைசென்ஸ் விஷயத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் எதையும் யோசிக்க வேண்டும்.

சிம் யோசனை சொன்ன தம்பிக்கும் ஒரு வார்த்தை. கிராமத்து செல் டவர்களில் வட்டமாக டிரம் மாதிரி மாட்டியிருக்கும் பாருங்கள், அதுவும் வயர்லெஸ் லிங்க்தான். பெரும்பாலும் 15, 18 ஜிகாஹெர்ட்ஸ். மழைக்கு அது உங்கள் 5.8ஐவிட அதிகம் அடிபடும். அவர்கள் கையிருப்பு நிறைய வைத்துக் கட்டுவதால் நமக்குத் தெரிவதில்லை. டவருக்கு பைபர் வந்திருந்தால் பிரச்சினையே இல்லை. எந்த சிம் என்று முடிவு பண்ணும் முன் உங்கள் ஊர் டவரை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

மார்ச்சில் காலை நேரத்து ஆட்டத்துக்கு வாத்தியார் சொன்ன உயரம் மாற்றுவதை மாசியில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது அதைத் தொட வேண்டாம். பையனைக் கூப்பிடும்போது "சிக்னல் இல்லை" என்று சொல்லாதீர்கள். இரண்டாவது செயினில் (இரண்டாவது எண்ணுக்கு உரிய பாதையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) பதினாறு டெசிபல் குறைகிறது, குட்டை வயர் இரண்டும் கனெக்டரோடு புதிது வேண்டும், ரப்பர் டேப் எடுத்து வரவும் என்று சொல்லுங்கள். இடி மின்னல் இருக்கும்போது பைப்பில் யாரும் கை வைக்கக் கூடாது, நாள் பார்த்து வரட்டும். கழற்றியதும் இரண்டு முனையையும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் துணியால் துடைத்துத் திரும்பப் போட விடாதீர்கள்.